பனிக்காலத்து ட்ரவுட் தூண்டில்: வானிலை மாறும்போது எந்தச் சாமான் தாங்குகிறது

நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் ஆற்றில், நவாஹோ அணைக்குக் கீழே, கடுங்குளிரிலும் ட்ரவுட் மீன் இரையெடுக்கும். அணையின் அடியாழத்திலிருந்து வரும் தண்ணீர் ஐந்தாறு டிகிரி செல்சியஸிலேயே இருப்பதால் அங்கே ஆறு உறையாது. உறைவது நம் சாமான்தான். பல குளிர்காலங்கள் செயற்கை ஈயைக் கட்டித் தூண்டில் போட்டுப் புழங்கியதை வைத்து எழுதுகிறேன்.

மோசமான வரிசை இது: காலையில் வெயில், மதியம் ஈரப்பனி, பின்னாலேயே வடக்குக் காற்று. முதலில் எல்லாம் நனையும், அடுத்து உறையும். காய்ந்த பனி நாள்முழுக்கப் பெய்தாலும் இவ்வளவு தொல்லை தராது.

முதலில் மாட்டுவது ராடின் (தூண்டில் கோலின்) கைட் வளையங்கள், அதாவது லைன் நுழைந்து ஓடும் வளையங்கள். லைனோடு ஏறும் ஈரம் வளையத்தில் கட்டிதட்டி லைனைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பெரிய மீன் ஓடினால் 6எக்ஸ் டிப்பெட் (ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு) அறுந்தே போகும். ஐஸை விரலால் உடைக்க வேண்டாம், நுனிதான் முறியும். ராட் நுனியை ஆற்றில் சில நொடி முக்கிப் பிடியுங்கள். தண்ணீர் காற்றைவிடச் சூடு, தானே கரைந்துவிடும். வளையங்களில் தைலம் தடவுவது கொஞ்ச நேரத்துக்குத்தான். பெட்ரோலியம் கலந்தது லைனின் பூச்சுக்கு ஆகாது. நிஜமான தீர்வு, லைனை உள்ளே இழுக்காமல் ஒரே நீளத்தில் வீசி மிதக்கவிடுவது. அதற்கு 9 அடி ராடைவிட 10 அடி, 4 எண் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ராட் எனக்கு ஒத்துவருகிறது: நின்ற இடத்திலிருந்தே லைனைத் தூக்கி மிட்ஜை (கொசு போன்ற சின்னப் பூச்சி வடிவ ஈயை) இயல்பாக ஓடவிடலாம்.

லைனைச் சுற்றிவைக்கும் ரீலில் சீல் செய்த டிராக் (மீன் இழுக்கும்போது பிடித்து நிறுத்தும் பிரேக்) வேண்டும். திறந்த டிராக்கில் தண்ணீர் புகுந்து உறைந்தால் ஸ்பூல் (லைன் சுற்றிய உருளை) இறுகிவிடும்.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி போன்ற) அடி பூட்ஸ் ஆற்றுக்குள் அருமை, கரையில் ஆபத்து. ஈர ஃபெல்ட்டில் பனி உருண்டையாக ஒட்டி கணுக்கால் புரளும். ரப்பர் அடியில் டங்ஸ்டன் ஆணி வைத்ததே போதும். வேடர்ஸுக்குள் (ஆற்றில் இறங்க அணியும் நீர்புகா கால்சட்டைக்குள்) இரண்டு தடிமன் சாக்ஸைத் திணித்தால் ரத்தவோட்டம் தடைபட்டு கால் இன்னும் வேகமாக மரத்துப்போகும். ஒரு கம்பளி சாக்ஸ், விரல் அசைய இடம், அவ்வளவுதான்.

உறைகுளிரில் மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது, செவுள் இழைகள் நொடியில் உறையத் தொடங்கும். முள்ளில்லாத கொக்கியை நீருக்குள்ளேயே கழற்றி விடுங்கள்.

விரல்கள் 22ஆம் எண் கொக்கியிலான குட்டி ஈயை முடிச்சுப்போட மறுத்தால் கரையேறும் நேரம். வண்டியில் மாற்றுத்துணி நீர்புகாப் பையில் இருக்கட்டும். உறைந்த பக்கிளை இழுத்துப் பிய்க்காமல், ஹீட்டரில் ஐஸ் கரைந்த பிறகே வேடர்ஸைக் கழற்றுங்கள்.