ஏற்காடு ஏரிக்கரையில் கடல் மீன்: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

ஏற்காடு ஏரியைப் பார்த்தபடி இருக்கும் அந்த நட்சத்திர விடுதியின் உணவகத்தில் மெனுவைத் திறந்தால் முதல் இரண்டு பக்கமும் கடல் உணவுதான். வஞ்சிரம் தவா வறுவல், இறால் நெய் ரோஸ்ட், நண்டு மிளகு மசாலா, மீன் டிக்கா, மீன் ஃபிங்கர். மலையோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். கீழே இருக்கும் சேலத்துக்குப் பக்கத்துக் கடல் என்றால் கடலூர்ப் பக்கம், அதுவே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அதன் பிறகு 20 கொண்டை ஊசி வளைவு. இவ்வளவு தூரம் வந்த மீன் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஐஸ் ஒழுங்காக இருந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் எந்த மாதம், என்ன மீன், எப்படி வந்தது என்று கேட்காமல் ஆர்டர் செய்தால் கொடுக்கிற காசுக்குச் சாப்பாடு வராது. இந்தச் சமையலறைக்குக் கை வந்த பதார்த்தங்களோ நான்காம் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கின்றன.

முதலில் மாதக் கணக்கு. ஏற்காட்டில் கூட்டம் நெரிவது ஏப்ரல், மே மாதங்களில். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் கொண்டுவருவது கரையோர ஊர்களுக்கே பத்தாது. ஆக, கோடை விழா சமயத்தில் சேலத்துக்கு வரும் கடல் மீன் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து வருவது, இல்லையென்றால் ஃப்ரீசரில் கிடந்தது. மேற்குக் கரைக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் மூடியிருக்கும். அந்த நாட்களில் இங்கே வஞ்சிரம் கேட்பது வீண். ஆகஸ்ட், செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலும் தைரியமாகக் கேட்கலாம்.

மே மாதத்தில் வந்த வஞ்சிரத் தட்டையும் ஆகஸ்டில் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நல்ல துண்டு முக்கால் அங்குலக் கனம் இருக்கும். மேலே மசாலா மொறுமொறுவென்று தோலோடு ஒட்டியிருக்கும். முள்கரண்டியை நடுமுள்ளின் ஓரத்தில் வைத்து லேசாக நெம்பினால் சதை இதழ் இதழாகப் பிரிந்து வரும், உள்ளே ஈரப்பசையோடு பளபளக்கும். மே மாதத் தட்டில் துண்டைச் சுற்றி வெள்ளையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மசாலா வழுக்கிக்கொண்டு தனியே வந்தது. வாயில் போட்டால் பஞ்சு; மென்று முடித்தாலும் சக்கை மிச்சம். ஃப்ரீசரில் வைத்ததை மட்டும் குறை சொல்ல முடியாது, உருக்கிய விதமும் காரணம். மைனஸ் 18 டிகிரியில் உறைந்த மீனை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக்கினால் சதையின் நீர் சதையிலேயே நிற்கும். ஆர்டர் வந்த பிறகு தண்ணீரில் போட்டு அவசரமாக உருக்கினால் நீர் முழுக்க வடிந்துவிடும். கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய சமையலறைகளில் நடக்கிற தவறு இதுதான்.

அதனால் மேசைக்கு வருகிறவரிடம் இரண்டே கேள்வி. "என்ன மீனுங்க?" "ஐஸ்ல வந்ததுங்களா, ஃப்ரீசர்ல இருந்ததுங்களா?" இங்கே பரிமாறுகிறவர்கள் தன்மையானவர்கள். தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்கிறார்கள், மறைப்பதில்லை. ஐஸில் வந்தது என்றால் வெட்டாத மீனைக் காட்டச் சொல்லலாம். ஓய்வான நாட்களில் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கண் குழி விழாமல் இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். சேலம் மீன் மார்க்கெட்டில் எல்லோரும் செய்கிற சோதனைதான். ஓட்டலில் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மீன் டிக்காவையும் மீன் ஃபிங்கரையும் எந்த மாதத்திலும் விட்டுவிடலாம். மெனுவில் வெறும் 'மீன்' என்று போட்டு, முள்ளே இல்லாமல் வெள்ளை வெளேரென்று வந்தால் அது பெரும்பாலும் பாசா. இங்கேயும் கேட்டபோது பாசா என்றுதான் பதில் வந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் பண்ணையில் வளர்கிற நன்னீர் மீனுக்குக் கடல் உணவின் விலை எதற்கு?

இறால் கதை வேறு. தடைக்காலம் கடலுக்குத்தானே தவிர, பண்ணைக் குட்டைக்கு இல்லை. கரையோர மாவட்டங்களில் வளர்க்கும் வனாமி இறால் மே மாதத்திலும் வரும். எனவே கோடையில் ஏதாவது ஒரு கடல் பதார்த்தம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இறால் நெய் ரோஸ்ட் சொல்லலாம். நெய்யும் காய்ந்த மிளகாயும் சரியான அளவில் இருக்கின்றன, புளிப்பு பின்னால் வந்து நிற்கிறது. ஒரே குறை, சில இறால் கூடுதலாக வெந்துவிடுகிறது. பாதி வளைந்து பிறை மாதிரி இருந்தால் பதம். தலையும் வாலும் தொட்டுக்கொள்கிற அளவுக்குச் சுருண்டிருந்தால் ரப்பர். தட்டில் பாதிக்கு மேல் சுருண்டிருந்தால் திருப்பி அனுப்பலாம், முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். நண்டு வேண்டாம். செத்த நண்டு சீக்கிரம் கெடும், கெடாவிட்டாலும் சதை வற்றி ஓடுதான் மிஞ்சும். மலை மேல் அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

இனி நான்காம் பக்கம். மேட்டூர் மீன் குழம்பு என்று ஒரு வரி இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறது. காலையில் பிடித்தது மதியத்துக்குள் மலை ஏறிவிடும். கட்லா, ரோகு, மிர்கால், எது கிடைக்கிறதோ அது. ஏரி மீனில் சேற்று வாடை இருக்கும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசிக் கழுவி, புளியைத் தாராளமாகக் கரைத்தால் அந்த வாடை முறிந்துவிடும். இங்கே அதைச் சரியாகச் செய்கிறார்கள். காலையில் வைத்த குழம்பு மாலையில் இன்னும் ஊறியிருப்பதால் இரவுச் சாப்பாட்டுக்குக் கேட்பது நல்லது. குழந்தைகளுக்கு வாங்கினால் வயிற்றுத் துண்டு கேளுங்கள், அங்கே பெரிய முள்தான், எடுப்பது சுலபம். வால் பக்கம் மயிர் போன்ற சிறுமுள் நிறைய இருக்கும். கூட ராகிக் களி உண்டு. சுடச்சுட வந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது.

மிளகு போட்ட நாட்டுக்கோழி வறுவலும் அதே பக்கத்தில். காபித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிய கொடியின் மிளகு, இடித்துக் கடைசியில் தூவியது. முன்பே பொடித்து வைத்த மிளகில் வெறும் காரம் இருக்கும், இதில் வாசனை முன்னால் வருகிறது. அந்தப் பக்கத்திலேயே சிறந்தது இது.

பிரியாணியில் ஒரு சங்கடம். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் வேகும் பருப்பு, கறிக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் தம் போடுகிற அண்டாவில் குக்கர் அளவுக்கு அழுத்தம் இருக்காது. கீழே சேலத்தில் முக்கால் பதம் வெந்த சீரகச் சம்பாவை வடித்துத் தம்மில் போட்டால் மீதி உள்ளே வெந்துவிடும். இங்கே அதே கணக்கில் போட்டால் அடியில் குழைவு, மேலே நறுக்கென்று அரிசி. பிரியாணி ருசியில் குறையில்லை. அரிசிதான் ஒரே தட்டில் இரண்டு விதமாக இருந்தது. வடிக்கும் முன் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டு, தம்மைப் பத்து நிமிடம் நீட்டினால் சரியாகிவிடும்.

தட்டுவடை செட்டை அழகான பீங்கான் தட்டில் முன்பதார்த்தமாக வைக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். சேலத்துக்காரர்களுக்கு இதன் இலக்கணம் தெரியும்: ஒரு தட்டுவடை மேல் காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. கைக்கு வந்த இரண்டு நிமிடத்தில் வாய்க்குள் போயாக வேண்டும். கடையில் ஆள் முன்னால் நின்றால்தான் சட்னி தடவுவார்கள், காரணம் அதுதான். இங்கே உள்ளேயே அடுக்கி, மேலே மல்லித்தழை வைத்து அலங்கரித்து, நீளமான தாழ்வாரம் கடந்து கொண்டுவருவதற்குள் அடித் தட்டுவடை நமுத்துப்போகிறது. சட்னியும் காயும் தனித்தனியாக, தட்டுவடையும் தனியாகக் கொண்டுவரச் சொல்லி மேசையில் நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள். காரச் சட்னியில் பூண்டு தூக்கலாக, சரியாக இருக்கிறது.

மேசை எடுக்கிற விஷயத்தில் நேரம் முக்கியம். ஏரியைப் பார்க்கத்தான் இந்த விலை. இரவு ஏழு மணிக்கு மேல் கண்ணாடிக்கு வெளியே கருப்பு மட்டும்தான். மழை மாதங்களிலும் மார்கழியிலும் மாலையிலேயே பனி இறங்கி ஏரியை மூடிவிடும். மதியம் 12.30 அல்லது மாலை 5.30-க்கு ஜன்னலோர மேசையைப் போனில் சொல்லிவைத்தால் முழுப் பலன். வெளித் திண்ணையில் உட்கார்ந்தால் குரங்கு வரும். அப்பளத்தையும் பழத்தையும் கைக்கு எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். காற்றும் அதிகம், பதார்த்தம் சீக்கிரம் ஆறும்.

பஃபே எடுப்பதானால் திறந்த முதல் அரை மணிக்குள் போய்விட வேண்டும். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலேயே இருந்தாக வேண்டும். ஏரிக் காற்றில் பாத்திரத்தின் அடியில் எரியும் ஜெல் விளக்கு அலைபாய்கிறது, கதவுப் பக்க வரிசையில் இருந்த குருமா வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சுவர்ப் பக்க வரிசையில் எடுப்பதே பத்திரம்.

பில் வந்ததும் இரண்டு வரி பார்க்க வேண்டும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதியின் உணவகத்துக்குப் பொதுவாக ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண உணவகத்தில் 5. தங்காமல் சாப்பிட மட்டும் போனாலும் இதே 18தான். 3,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி மட்டும் 540, அதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு ஆர்டர் செய்யுங்கள். அடுத்தது சேவைக் கட்டணம். இங்கே அது தானாகவே பில்லில் ஏறியிருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டு வேறு பில் போட்டார்கள். எடுக்க மறுக்கிற இடமானால் நுகர்வோர் உதவி எண் 1915. நன்றாகக் கவனித்த பையனுக்குக் கையில் கொடுப்பது தனி.

கடைசியாகக் காபி. சுற்றிலும் காபித் தோட்டம் இருக்கிற மலையில் இயந்திரத்துக் காபியைக் குடித்துவிட்டு இறங்குவது பாவம். "சிக்கரி கலக்காத எஸ்டேட் பொடிங்க, ஃபில்டர்ல புதுசா இறக்கிக் குடுங்க" என்று சாப்பாடு முடியும் இருபது நிமிடத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், டிகாஷன் இறங்க அவ்வளவு நேரம் ஆகும். டம்ளரையும் டபராவையும் வெந்நீரில் அலசிக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தக் குளிரில் பித்தளை டம்ளரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். சொன்னபடி செய்தார்கள். முதல் டிகாஷன், தண்ணீர் சேர்க்காத பால், சர்க்கரை தனியாக. மேலே நுரை, ஓரத்தில் கரும்பழுப்பு வளையம், வாயில் கடைசி வரை நிற்கிற லேசான கசப்பு.

குடித்து முடித்து முக்கால் மணி நேரமாவது ஏரிக்கரையில் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். வயிறு நிறைய நெய் ரோஸ்ட்டோடு 20 வளைவில் இறங்கினால் பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். கோடை விழா நாட்களில் இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதுண்டு. வீடு போய்ச் சேரக் கூடுதல் நேரம் ஆகும், அதற்கேற்ப மேசை நேரத்தைச் சொல்லுங்கள்.