ஊட்டியில் முழு சார்ஜ் போட்டு இறங்காதீர்கள்

டாடாவின் மின்சாரக் கார் நெக்ஸான் ஈவி மேக்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. வேலை கோவையில், மாதம் ஒருமுறை ஊட்டியில் மாமனார் வீடு. இந்த வண்டியில் ரீஜென், அதாவது வேகத்தைக் குறைக்கும்போதே மின்சாரத்தை மீட்கும் வசதி, 0 முதல் 3 வரை நான்கு நிலை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக மாறிச் சக்கரத்தைப் பிடிக்கும், அதில் வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். 3-இல் பிடி இறுகும். 0-வில் நியூட்ரலில் போவதுபோல உருளும்.

புதிதில் எங்கே போனாலும் 3 தான். இறுக்கிப் பிடித்தால் நிறைய மிச்சமாகும் என்ற நினைப்பு. பின் சீட்டில் இருந்த அம்மாவுக்குக் குமட்டல். "ஏங் கண்ணு, பழைய காரே தேவலையாட்ட இருக்குதே" என்றார். மிச்சமும் ஆகவில்லை. காலியான பைபாஸில் ஓடுகிற வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கி, அதையே திரும்ப வேகமாக்கினால் இரண்டு தடவையும் கொஞ்சம் சூடாகி வீணாகிறது. அங்கே 0 அல்லது 1 போதும். காந்திபுரம் சிக்னல்களுக்கு 2.

மலைதான் பாடம் கற்றுக்கொடுத்தது. ஒரு தடவை ஊட்டியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினேன். 3-இல்தான் வைத்திருந்தேன், ஆனால் பிடியே இல்லை! பேட்டரி நிறைந்திருந்தால் வருகிற மின்சாரத்தை எங்கே வைப்பது? வண்டி ரீஜெனைத் தானே குறைத்துவிடும். குளிரில் பேட்டரி சில்லிட்டிருந்தாலும் அப்படித்தான். பெட்ரோல் வண்டிக்காரர்கள் 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பார்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் இறக்குவதற்குக் கியர் ஏது? மிதித்து மிதித்து, குன்னூரில் நிறுத்தியபோது பிரேக் கருகும் வாடை. கையேட்டில் இருந்ததைப் படிக்காதது என் தப்புதான்.

இப்போதெல்லாம் அங்கே 80-ஐத் தாண்டி ஏற்றுவதில்லை. மேட்டுப்பாளையம் வரை இறக்கம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். காற்று, டயர், மோட்டார் எல்லாம் தங்கள் பங்கை எடுத்தது போக எனக்குச் சேர்வது 3 யூனிட். மீட்டரில் ஏழெட்டு சதவீதம் கூடியிருக்கும். ஏறும்போது 40.5 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்ற வண்டி இது, அதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டர் ஒன்றிலேயே இறங்குவது சுகம். மழை நாளில் மட்டும் 1-க்கு இறக்கிக்கொள்வேன். ரீஜென் முன் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், ஈரத்தில் வளைவுக்கு நடுவே திடீரென்று காலை எடுத்தால் அவை வழுக்கப் பார்க்கும்.

அப்புறம், பிரேக் பேட் இன்னும் மாற்றவே இல்லை. அதிலும் ஒரு சிக்கல்: பிரேக்குக்கு வேலை குறைந்ததால் டிஸ்கில் துரு படிந்து கரகரவென்று சத்தம். வாரத்துக்கு ஒருநாள் 0-வில் வைத்துப் பழைய வண்டிபோலப் பெடலை மிதித்தே வீடு வந்து சேர்கிறேன்.