பயோசிஸ்டம்ஸா, ஜேடிபியா: உங்கள் கட்டுரையை எங்கே அனுப்புவது?

செல்லை ஒரு கணினியாகப் பார்க்கலாமா, பரிணாமமே ஒரு தேடல் கணக்குதானா என்கிற ரகத்தில் கட்டுரை எழுதி முடித்தவருக்கு அடுத்த தலைவலி, அதை யார் வாங்குவார்கள் என்பதுதான். உயிரியல் இதழ்காரர்கள் சோதனை எங்கே என்பார்கள், கணினி இதழ்காரர்கள் இது உயிரியலாச்சே என்பார்கள். நடுவில் நிற்கும் இதழ்கள் கொஞ்சம்தான். முக்கியமான போட்டி பயோசிஸ்டம்ஸுக்கும், ஜேடிபி என்று சுருக்கிச் சொல்லும் ஜர்னல் ஆஃப் தியரட்டிக்கல் பயாலஜிக்கும். இரண்டுமே இன்று எல்செவியர் என்ற பதிப்பகத்தின் கையில்!

பழம்பெருமையில் ஜேடிபியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1961 இல் வந்தது. உறவினருக்காக ஓர் உயிரி விட்டுக்கொடுப்பது எப்படிப் பரிணமிக்கும் என்று பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964 இல் கணக்குப் போட்டதும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியா என்று உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967 இல் வாதிட்டதும் இங்கேதான். பயோசிஸ்டம்ஸ் அதே 1967 இல், கரன்ட்ஸ் இன் மாடர்ன் பயாலஜி என்ற வேறு பெயரில் தொடங்கியது.

இரண்டுக்கும் குணம் வேறு. 1969 இல் ஜேடிபியில் காஃப்மன் என்ற கோட்பாட்டு உயிரியலாளர் கணினியில் மரபணுக்களை எரிந்து அணையும் விளக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விளக்குகளோடு கண்ணை மூடிக்கொண்டு இணைத்து ஓடவிட்டார். குழப்பம்தான் மிஞ்சும் என்று நினைப்போம், ஆனால் வலைப்பின்னல் சில சின்னச் சுழற்சிகளில் போய் அடங்கியது. ஒவ்வொரு சுழற்சியும் ஒரு செல் வகை, அவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட மரபணு எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்றார். பின்னாளில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஆனால் சரிபார்க்க ஓர் எண்ணைக் கொடுத்தார் இல்லையா, அதுதான் ஜேடிபி.

பயோசிஸ்டம்ஸில் 1974 இல் வரேலா, மதுரானா, உரிபே மூவரும் கணினிக்குள் கட்டம் போட்ட தளத்தில் ஒரு வினையூக்கியை வைத்தார்கள். அது பக்கத்துத் துகள்களைச் சேர்த்துக் கண்ணியாக்கும், கண்ணிகள் சங்கிலியாகி அந்த வினையூக்கியைச் சுற்றியே வேலி போடும், ஒன்று உதிர்ந்தால் உள்ளே உருவான இன்னொன்று வந்து ஓட்டையை அடைக்கும். இப்படித் தன்னைத் தானே கட்டிக்கொண்டே இருப்பதுதான் உயிர் என்பது வாதம். அளந்து பார்க்க எண் கிடையாது, ஆனால் கேள்வியே புதுசு. இதே இதழ்தான் 1997 இல், எறும்புகள் தடம் போடுவதைப் பார்த்து எழுதிய டொரிகோ, கம்பார்டெல்லாவின் பயண விற்பனையாளர் கணக்கையும் (எல்லா ஊர்களையும் சுற்றி வர மிகக் குறுகிய வழி எது என்கிற கணக்கு) போட்டது. ஜேடிபிக்குப் போயிருந்தால், சரி, எறும்பைப் பற்றிப் புதிதாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கதவு அகலமாக இருந்தால் தூசியும் வரும். பயோசிஸ்டம்ஸில் குறியீடு, அர்த்தம், குவாண்டம் என்று வார்த்தைகளாலேயே கட்டிய கட்டுரைகளும் உண்டு, எனக்கு அவற்றில் பாதி பிடிபடுவதில்லை. அப்படியும் என் ஓட்டு அதற்குத்தான், கருத்து புதிதாகவும் சமன்பாடு இளைத்தும் இருக்கும்போது.

எம்ஐடி பிரஸின் ஆர்டிபிஷியல் லைஃப் 1993 இல் வந்தது. நிரலுக்குள் உயிரை வளர்த்துப் பார்த்தவர்கள் நேராக அங்கே போகலாம். 2005 இல் வந்த பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி நிஜத் தரவோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு. நிரலையும் வெளியே வைக்க வேண்டும், வெளியீட்டுக் கட்டணமும் உண்டு. பயோசிஸ்டம்ஸிலும் ஜேடிபியிலும் சந்தா வழியில் வெளியிட எழுதுபவர் காசு கட்ட வேண்டாம், யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் கேட்டால்தான் கட்டணம். அனுப்பும் முன்பே முன்பதிப்பை, அதாவது இதழில் வருவதற்கு முந்தைய பிரதியை, இணையத்தில் ஒரு திறந்த களஞ்சியத்தில் போட்டுவிட்டால், சந்தா இல்லாதவர்களும் படித்துக்கொள்வார்கள்.