பழைய ரீவாக்ஸ் ஏ77 வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கொண்டுவந்த அன்று மாலையே பாட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு எதையாவது பார்ப்பது நல்லது. சால்டரிங் அயனைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அல்லது அப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு, இதைவிட நல்ல ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கிடைப்பது கடினம். ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் இதைத் திறந்து பழுது பார்ப்பார் என்பதை மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள். உள்ளே கை வைக்கும்போதெல்லாம் அந்த அக்கறை தெரிகிறது.

வில்லி ஸ்டூடரின் சுவிட்சர்லாந்து நிறுவனம் 1967 முதல் 1977 வரை இதைத் தயாரித்தது. இடையில் செய்த திருத்தங்களை வைத்து மார்க் 1 முதல் மார்க் 4 வரை பிரிப்பார்கள். என்னிடம் இருப்பது மார்க் 3. வார்ப்பு அலுமினியச் சட்டத்தில் மூன்று மோட்டார்கள்: ஸ்பூல்களுக்கு இரண்டு, நாடாவைச் சீரான வேகத்தில் இழுக்கும் தண்டான கேப்ஸ்டனுக்கு ஒன்று. கேப்ஸ்டன் மோட்டாரின் அச்சுதான் கேப்ஸ்டன். நடுவில் பெல்ட்டும் கிடையாது, சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் சக்கரமும் கிடையாது. மோட்டாரின் சுழலும் பகுதியில் பற்கள் வெட்டியிருக்கும். பக்கத்தில் உள்ள டேக்கோ ஹெட் அந்தப் பற்கள் கடப்பதை உணர்ந்துகொண்டே இருக்கும். வேகம் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் சர்க்யூட் அதைச் சரிசெய்துவிடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் ஆனாலும் நாடா ஓடும் வேகம் மாறாது. இத்தனை வருடம் கழித்தும் பியானோவின் நீண்ட சுரம் ஆடாமல் நிற்கிறது என்றால் இதனால்தான்.

இப்போது முக்கியமான விஷயம். பழைய ஏ77 கைக்கு வந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்காதீர்கள். விற்றவர் "நன்றாக ஓடியது" என்று சொல்லியிருந்தாலும் வேண்டாம். மின்சாரம் நுழையும் இடத்தில் ரீஃபா என்ற நிறுவனத்தின் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். உள்ளே காகிதம், மேலே எபாக்ஸி. வயதானதும் எபாக்ஸியில் மயிரிழை விரிசல்கள் விழும், அதன் வழியாக ஈரம் உள்ளே போகும். மின்சாரம் ஏறியதும் வெடித்து அறை முழுக்கப் புகையைப் பரப்பிவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு எக்ஸ்2 வகை ஃபிலிம் கண்டென்சர்களைப் போடுங்கள். அடுத்து, பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். 220-இல் நிற்கிறது, உங்கள் லைனில் 230, 240 வருகிறது என்றால் 240-க்கு மாற்றுங்கள். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறுவது குறையும். இவ்வளவும் முடிந்த பிறகு, ஒரு குண்டு பல்பை சீரிஸில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பளிச்சிட்டு மங்கினால் மேலே போகலாம்.

எலக்ட்ரானிக்ஸ் வேலை இந்த எந்திரத்தில் சுகமானது. பதிவு, மறு ஒலிப்பு, ஆசிலேட்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி கார்டாகச் சொருகியிருக்கும். உருவி எடுத்து மேசையில் வைத்து வேலை செய்யலாம். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்ற வேண்டும். திறந்த வகை ட்ரிம் பாட்களையும் (திருகி அளவைச் சரிசெய்யும் சிறு மின்தடைகள்) மாற்ற வேண்டும். கரகர என்ற சத்தமும், ஒரு பக்கம் திடீரென்று அடங்கிப்போவதும் பெரும்பாலும் இந்தச் சின்னப் பாட்களால் வருபவைதான். நான் எப்போதும் ஒரு சமயத்தில் ஒரு கார்டு மட்டுமே எடுப்பேன். இடது பக்கத்தை முடித்து, ஓட்டிக் கேட்டு, இன்னும் தொடாத வலது பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால், பிறகு ஒரு குறை வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

நாடாவில் பதியவும் அதிலிருந்து படிக்கவும் செய்யும் காந்தத் தலைதான் ஹெட். அந்த விஷயத்தில் வாங்குவதற்கு முன்பே தெளிவாக இருங்கள். ஏ77 இரண்டு வகையாக வந்தது: ஹாஃப் டிராக் (நாடாவின் அகலத்தில் இரண்டு தடம்), குவார்ட்டர் டிராக் (நான்கு தடம்). வீடுகளில் புழங்கிய ஸ்டீரியோ நாடாக்களில் பெரும்பாலானவை குவார்ட்டர் டிராக். நான்கு தடங்களில் 1-உம் 3-உம் ஒரு பக்கம், 2-உம் 4-உம் திருப்பிப் போட்டால் வரும் பக்கம். அதை ஹாஃப் டிராக் ஹெட்டில் போட்டால் மறுபக்கமும் சேர்ந்து தலைகீழாக ஒலிக்கும். பெரியவர்கள் பேசிப் பதிந்த நாடாக்களைக் காப்பாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், முதலில் அந்த நாடாக்கள் எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற எந்திரத்தைத் தேடுங்கள். தேய்மானத்தையும் பாருங்கள். ஹெட்டின் முகத்தில் நாடா ஓடிய இடம் தட்டையாகியிருக்கும். அந்தப் பட்டை அகலமாக இருந்தாலோ, ஓரத்தில் நகத்துக்குப் படி தட்டுப்பட்டாலோ, அந்த ஹெட் நிறைய உழைத்துவிட்டது.

பராமரிப்பு எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஹெட்டுகள், வழிகாட்டிகள், கேப்ஸ்டன் ஆகியவற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். கேப்ஸ்டன் அச்சில் உப்புத்தாள் படவே கூடாது. அதன் வட்டம் கெட்டால் இவ்வளவு நேரம் நான் புகழ்ந்த வேகம் போய்விடும். ஹெட்டில் தங்கும் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் பயன்படுத்தும்போது ரெக்கார்டரை அணைத்து வையுங்கள், நாடாக்களைத் தள்ளி வையுங்கள். கருவியை மெதுவாக ஒரு கை தூரம் விலக்கிய பிறகே அதன் சுவிட்சை அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்திலேயே அணைத்தால், நீக்க வந்த காந்தத்தை நாமே ஏற்றிவிட்டுப் போவதாகும்.

அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம், சரிசெய்ய அளவு நாடா (திட்டமான ஒலிகள் பதிந்த நாடா) வேண்டும். அது இல்லாமல் காதால் கேட்டுத் திருகுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே விதிவிலக்கு, வேறொரு எந்திரத்தில் சாய்வாகப் பதிந்த பழைய நாடாவை நகலெடுப்பது. அப்போது அந்த நாடாவுக்கேற்ப மறு ஒலிப்பு ஹெட்டைச் சாய்த்து, உச்ச ஒலிகள் தெளியும் இடத்தில் நிறுத்தி, வேலை முடிந்ததும் அளவு நாடாவை வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மங்கலாகக் கிடந்த ஒரு குரல் அந்தத் திருகில் சட்டென்று துலங்குவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பாடு பெரிதாகத் தெரியாது.

குறைகளும் உண்டு. ஸ்பூல் நின்றுவிட்டதா, இன்னும் சுற்றுகிறதா என்று இந்த எந்திரத்துக்குத் தெரியாது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்டாப் அழுத்தினால், இரண்டு ஸ்பூல்களும் முழுதாக நிற்கும்வரை பொறுத்துவிட்டுத்தான் பிளே அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் மெல்லிய நாடா இழுபட்டுவிடும். 1977-இல் வந்த பி77-இல் இந்தக் குறையை நீக்கிவிட்டார்கள். வீட்டில் பலர் கையாளும் எந்திரம் என்றால் பி77-க்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். 10½ அங்குல ஸ்பூல் தேவையில்லை, 7 அங்குலம் போதும் என்பவர்களுக்கு அகாய் ஜிஎக்ஸ்-4000டி சிறியது, அதன் கண்ணாடி-ஃபெரைட் ஹெட்டுகள் லேசில் தேயாது. ஆனால் அதில் எல்லா வேலைக்கும் ஒரே மோட்டார்தான், அதனால் என் தேர்வு ஏ77-தான்.

ஓசையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிய வார்த்தைகள் வேண்டியதில்லை. மூன்று ஹெட் இருப்பதால், பதியும்போதே மூலத்தையும் நாடாவில் விழுந்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில், பயாஸ் (பதியும்போது ஒலியோடு சேர்க்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) சரியாக அமைந்த நிலையில், லேசான நாடா இரைச்சலைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 9.5 செ.மீ. வேகம் பேச்சுக்குப் போதும், இசைக்கு வேண்டாம்.

கடைசியாக நாடா. 1970-களிலும் 80-களிலும் வந்த, முதுகில் கறுப்புப் பூச்சுள்ள சில நாடாக்கள், முக்கியமாக ஆம்பெக்ஸ் 456, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அதை ஓட்டினால் கிறீச்சிடும், பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். கிறீச்சென்ற முதல் சத்தத்திலேயே நிறுத்திவிடுங்கள். கட்டுப்படுத்திய மிதச்சூட்டில், சுமார் 54 டிகிரி செல்சியஸில், பல மணி நேரம் வைத்தால் தற்காலிகமாகத் தேறும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் அசிட்டேட் நாடாக்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது, சூட்டில் அவை பாழாகிவிடும். புதிய நாடா வேண்டுமென்றால் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸ் தயாரிக்கும் எல்பிஆர்35 இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 10½ அங்குல ஸ்பூலில் சுமார் 1100 மீட்டர் இருக்கும், 19 செ.மீ. வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். கேட்டு முடித்ததும் பின்னோக்கிச் சுற்றாமல், முடிவு வெளியே இருக்கும்படி அப்படியே எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் காந்தம் ஒட்டி எழும் எதிரொலி அப்போது சத்தத்துக்குப் பின்னால் விழும், அவ்வளவாகக் காதில் படாது.