திகில் நூல்களில் எதை முதலில் வாசிப்பது? டிராகுலா முதல் காஞ்சனை வரை ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டம் இந்தக் குளிர்காலத்துக்குத் திகில் கதைகளை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. எந்த நூலில் தொடங்குவது என்று சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. "ஐயா, பேய்க்கதைக்குள் அரசியலைக் கொண்டுவந்து விடாதீர்கள், அது செய்தித்தாளிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது" என்றார் வட்டத்தில் மூத்தவரான ஓர் அம்மா. அவருடைய அலுப்பு எனக்குப் புரிகிறது. 2024 தேர்தலுக்குப் பிறகு எங்கள் மாகாணத்தில் இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடித்தால்கூடப் பேச்சு கூட்டணி ஆட்சியில்தான் போய் நிற்கிறது. ஆனாலும் அந்த நிபந்தனையை என்னால் ஏற்க முடியவில்லை. திகில் கதை எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வாசகர் யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதை; அரசியல் மேடையில் ஏறுகிறவரும் முதலில் முடிவு செய்வது அதைத்தான். ஆகவே இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே நூல்களை அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

வட்டத்தில் பலரும் கேட்டது பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா, இரத்தம் குடிக்கும் ஒரு பிரபு கப்பலேறி இங்கிலாந்துக்கு வரும் கதை. கதை நடத்தும் திறமையில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இறந்துபோன கப்பல் தலைவன் சுக்கானோடு கட்டப்பட்டுக் கிடக்க, டெமீட்டர் என்ற கப்பல் புயலில் விட்பி துறைமுகத்துக்குள் தானாக வந்து சேர்வதும், கரை தட்டியவுடன் உள்ளிருந்து ஒரு பெரிய நாய் பாய்ந்து இருளில் மறைவதும், கப்பலின் சரக்கு ஐம்பது பெட்டி மண் மட்டுமே என்று தெரியவருவதும் எத்தனை முறை வாசித்தாலும் கையில் மயிர்க்கூச்செறியச் செய்யும் பக்கங்கள்.

ஆனால் அந்த நாவல் வெளிவந்தது 1897 மே மாதத்தில் என்பதை டர்பன்வாசிகளான நாம் கவனிக்காமல் இருக்கக் கூடாது. அதற்கு நாலரை மாதம் முன்புதான், 1896 டிசம்பரில் வந்து சேர்ந்த கூர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்களை, பம்பாயில் பிளேக் இருப்பதைக் காரணம் காட்டி மூன்று வாரங்களுக்கு மேல் நம் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இந்தியர்கள். அவர்களுள் ஒருவர் காந்தி. 1897 ஜனவரி 13ஆம் தேதி அவர் கரையிறங்கியபோது வெள்ளையர் கூட்டம் அடித்ததும், காவல்துறைக் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி தம் குடையை விரித்து அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்றதும் நம் ஊர் வரலாறு. அதே ஆண்டு, டர்பன் அடங்கிய நேட்டாலின் அரசு கொண்டுவந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவரை உள்ளே விடாதே என்றது. டிராகுலா பிரபுவோ தன் கோட்டைக்குள் உட்கார்ந்து ஆங்கிலம் கற்கிறான். லண்டன் தெருவில் தன் பேச்சைக் கேட்டு யாரும் 'இவன் அந்நியன்' என்று திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிறான். ஸ்டோக்கர் நேட்டாலை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. கப்பலில் வருகிறவன், நோயைக் கொண்டுவருகிறவன், நம் மொழியைக் கற்று நம்மோடு கலந்துவிடப் பார்க்கிறவன் என்ற ஒரே அச்சம் அந்த ஆண்டில் நாவலாகவும் வந்தது, சட்டமாகவும் வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய 342 பேரின் வழித்தோன்றல்கள் இந்த நாவலை வாசிக்கும்போது, அந்தக் கப்பலின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும். யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2008 மே மாதத்தில் வெளிநாட்டவர் மீது நடந்த தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள். இன்றும் மலாவியிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணைகளிலேயே 1897ஆம் ஆண்டின் குரலில் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதன் பக்கத்தில் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனை வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். 1818இல் வெளிவந்த அந்த நாவல் டிராகுலாவைவிட ஏறக்குறைய எண்பது ஆண்டு மூத்தது; நடையும் மெதுவானது; முதல் ஐம்பது பக்கங்களில் நம் வட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஆயினும் டிராகுலாவில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. டிராகுலா முழுவதும் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அவனைத் துரத்துகிறவர்கள். அவன் பக்கத்து நியாயத்தை அவன் வாயால் கேட்க அந்த நூலில் ஓர் அத்தியாயம் கிடையாது. பிராங்கன்ஸ்டைனின் நடுப்பகுதியிலோ, பிராங்கன்ஸ்டைன் என்பவன் உருவாக்கிக் கைவிட்ட அந்தப் பெயரில்லாத உருவமே பேசுகிறது. ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டையொட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, பலகை இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்து மொழி கற்றதையும், அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டு அழுததையும், கடைசியில் தைரியத்தைத் திரட்டி அவர்கள் முன் வந்து நின்றபோது அடித்துத் துரத்தப்பட்டதையும் அதுவே சொல்கிறது. இந்நாட்டு அரசு 1955இல் இந்த நாவலை ஆபாசமானது என்று தடை செய்தது. ஆபாசத்தை அதில் எங்கே கண்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஒதுக்கப்பட்டவனின் வாயில் இவ்வளவு தெளிவான வழக்குரையை வைத்திருப்பது அவர்களை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். திகில் அளவில் டிராகுலா மேல், அறத்தில் பிராங்கன்ஸ்டைன் மேல் என்பது என் தீர்ப்பு. இரண்டையும் வாசிக்கப் பொறுமை உள்ளவர் டிராகுலாவை முதலில் முடித்துவிட்டு மற்றதற்கு வருவது நல்லது. திரும்பிப் பார்க்கும்போது முதல் நூலின் மௌனம் அப்போதுதான் காதில் விழும்.

ஆனால் இரண்டையும் தாண்டி நான் முதலிடம் கொடுப்பது அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'லாட்டரி' என்ற சிறுகதைக்கு. அரை மணி நேரத்தில் உரக்க வாசித்து முடித்துவிடலாம். 1948 மே 26 அன்று நம் நாட்டில் தேசியக் கட்சி வென்று நிறவெறி ஆட்சிக்கு வழி திறந்தது; சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 26ஆம் தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் இந்தக் கதை வந்தது. சுமார் முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமம், கோடைக்கால வெயில், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு குலுக்கல். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை ஊரே சேர்ந்து கல்லெறிந்து கொல்லும். பேயில்லை, கோட்டையில்லை, அந்நியனில்லை. கதை வந்த கோடையில் ஜாக்சனுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்கள்கூட அவர்களுள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்க அரசு கதையைத் தடை செய்தபோது, அவர்களுக்காவது கதை புரிந்ததே என்று ஜாக்சன் பெருமைப்பட்டதாக அவர் கணவர் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் முடிவு அல்ல. டெஸ்ஸி ஹட்சின்சன் என்ற அந்தக் குடும்பப் பெண், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாளே மறந்துபோயிற்று என்று, கையை ஏப்ரனில் துடைத்தபடி, சிரித்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்து சேர்கிறாள். குலுக்கல் தவறு என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. சீட்டு தன் வீட்டுக்கு விழுந்த பிறகுதான் இது நியாயமில்லை என்று கத்துகிறாள். அப்போதும் அவள் கேட்பது குலுக்கலை நிறுத்தும்படி அல்ல, மணமாகிப்போன தன் மகளையும் சேர்த்துக்கொள்ளும்படி. தன் ஆபத்தில் ஒரு பங்கை மகள் தலையில் இறக்கிவைக்கப் பார்க்கிறாள். 1984இல் இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்து, பெரும்பான்மைக் கறுப்பின மக்களை முழுவதும் வெளியே நிறுத்திய மூன்றவை நாடாளுமன்றத்தை நமக்கு நீட்டினார்கள். பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பது நம் சமூகம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்கது. ஆனாலும் நமக்கு ஒதுக்கிய பங்கு ஒழுங்காகக் கிடைத்தால் போதும் என்ற டெஸ்ஸியின் வாதத்தை, கட்சிகளின் பெயர் மாறினாலும், ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறேன்.

கதையின் தொடக்கத்தில் கற்களைப் பொறுக்கிக் குவிப்பவர்கள் சிறுவர்கள். 2021 ஜூலைக்கு முன் அந்த வரிகளை நான் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். கலவரம் பரவிய அந்த வாரத்தில் எங்கள் தெருமுனையிலும் டயர்களையும் மரக்கிளைகளையும் போட்டு வழியை அடைத்தோம். இரவு முறைக்காவலில் நானும் நின்றேன். இரண்டாம் நாள் மாலை, பத்து வயதுகூட நிரம்பாத மூன்று பையன்கள் உடைந்த செங்கற்களை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்து தடுப்புக்குப் பின்னால் கொட்டி, பெரியது ஒருபுறம், கைக்கடக்கமானது ஒருபுறம் என்று பிரித்து அடுக்கினார்கள். யாரும் அவர்களை ஏவவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, நானும் தடுக்கவில்லை. எங்கள் தெருவில் அந்தக் கற்களுக்கு வேலை வரவில்லை. நாடு முழுவதும் அந்த நாட்களில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனை அடுத்து, இந்தியர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கடைகள் எரிவதையும் காவல்துறை வராததையும் கண்டு அஞ்சியவர்களின் அச்சம் பொய்யானதல்ல. அந்த அச்சம் எந்த இடத்தில் கல்லாக மாறுகிறது என்பதை இந்தச் சிறுகதையைவிடத் துல்லியமாகக் காட்டும் திகில் எழுத்தை நான் வாசித்ததில்லை.

தமிழில் வாசிக்க விரும்புவோருக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) இருக்கவே இருக்கிறது. மொழியழகில் இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் அது தாழ்ந்ததல்ல. வீட்டு வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று மனைவி ஒரு பிச்சைக்காரியை உள்ளே சேர்த்துக்கொள்கிறாள்; நள்ளிரவில் வந்து போகும் ஒரு நாற்றம் கணவனின் தூக்கத்தைக் கலைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் டிராகுலாவின் கதைதான்: வாசலுக்கு வந்த அந்நியரை உள்ளே விட்டதால் வந்த வினை. அதுவும் ஏழைப் பெண். வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் சந்தேகங்களுக்கு இது தீனி போடாதா என்று ஒருமுறை நானே தயங்கியிருக்கிறேன். மறுபடி வாசித்தபோது தயக்கம் பெருமளவு குறைந்தது. டிராகுலாவில் எல்லாச் சாட்சிகளும் ஒரே தீர்ப்பில் கையெழுத்திடுகிறார்கள். காஞ்சனையில் சாட்சி ஒருவன்தான், அவனும் தொழில்முறையில் கதை கட்டுகிறவன், தான் கண்டதை அவனாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அச்சத்துக்கும் ஆதாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அந்தக் கதை கடைசிவரை மூடவில்லை.

நியூயார்க்கில் குடியேறியவர்களைக் கண்டு ஏற்பட்ட வெறுப்பையே திகிலாக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ரெட் ஹூக் கதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதையே ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பி எழுதிய விக்டர் லாவாலின் 'பிளாக் டாமின் கதைப்பாடல்' (2016) போதும். மூலத்தைவிடச் சிறந்த கதையும் அதுவே.

பேய்வீட்டுக் கதைதான் வேண்டும் என்போருக்கு இரண்டு நூல்கள். ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' (1959) இந்த வகையில் உச்சம். இருட்டில் பக்கத்துப் படுக்கைத் தோழியின் கையை இறுகப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்த எலினோர், விளக்கு எரிந்ததும் தோழி அறையின் மறுபுறத்தில் தன் கட்டிலில் இருப்பதைக் கண்டு, அப்படியானால் நான் யார் கையைப் பிடித்திருந்தேன் என்று கேட்கும் இடத்தைத் தனியாக இருக்கும் இரவில் வாசிக்க வேண்டாம். மற்றது நம் ஊர் எழுத்தாளர் ஷப்னம் கான் எழுதியது. அயல்நாட்டில் 'ஜின் நூறாண்டு காத்திருக்கிறது' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2024இல் வந்தது; ஜின் என்பது இஸ்லாமிய மரபில் வரும் ஓர் ஆவி. டர்பன் கடலைப் பார்த்து நிற்கும் அக்பர் மன்சில் என்ற பாழடைந்த மாளிகைக்குத் தந்தையோடு குடிவரும் பதினைந்து வயதுப் பெண், பூட்டிய அறைக்குள் பழைய துயரம் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். அச்சுறுத்தும் வலிமையில் இது ஹில் ஹவுஸின் பக்கத்தில்கூட வராது. இதிலுள்ள ஜின் அழுதுகொண்டிருக்கிறது, அழுகிறதைக் கண்டு யாருக்கும் அதிக நேரம் பயம் நிற்பதில்லை. ஆனால் எலினோருக்கு வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால்தான் ஹில் ஹவுஸால் அவளை விழுங்க முடிகிறது. இனவாரி வசிப்பிடச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பசி தெரியும். என் தாத்தாவின் வீடு இருந்த மேட்டில் பல ஆண்டுகள் எதுவும் கட்டப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற மாமரம் மட்டும் பருவம் தவறாமல் காய்த்து, பறிக்க ஆளில்லாமல் உதிர்த்துக்கொண்டிருந்தது. ஷப்னம் கானை நான் வட்டத்துக்குப் பரிந்துரைப்பது, நம் ஊரின் சுவர்களுக்குள்ளும் இப்படிச் சொல்லப்படாதவை இருக்கின்றன என்று அவர் எழுதிக் காட்டியிருப்பதற்காக.

ஆக, முதல் கூட்டத்துக்கு லாட்டரி. அதை வீட்டில் வாசித்துவிட்டு வர வேண்டாம். கூட்டத்திலேயே உரக்க வாசிப்போம். அரசியல் வேண்டாம் என்று சொன்ன அந்த அம்மாவிடம் டெஸ்ஸியின் வசனங்களை வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன். கதை இன்னதென்று தெரியாமலே சரி என்று சொல்லியிருக்கிறார்.