ஆடி மாத பேட்டரிகள்: தானாக இறங்க விடுவதா, பாதியில் எடுத்து வைப்பதா?

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வரும் இரவில், என் மேசை மேல் மூன்று ட்ரோன் பேட்டரிகள் கிடக்கும். ஒன்று முழு சார்ஜில் இருக்கும்; மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று எடுத்துப் போய், தூறல் போட்டதால் பறக்க விடாமலே திரும்பி வந்தது. இன்னொன்று பாதியில். மூன்றாவது, தரையிறக்கும்போது 14 சதவீதத்தில் நின்றது. அடுத்த ஆர்டர் ஆவணி முதல் வாரம். நடுவில் ஆடி முழுக்க எந்தப் பேட்டரிக்கும் வேலை இல்லை. மார்கழியிலும் இதே கதைதான்.

கல்யாண வீடியோ எடுக்கிற எங்களுக்கு வருஷத்தில் இரண்டு முறையாவது இந்த ஓய்வு வந்துவிடும். அந்த நாட்களில் பேட்டரியை எப்படி வைப்பது என்பதில் எங்கள் திருச்சி வட்டாரத்திலேயே மூன்று கட்சி உண்டு. முழுசாக சார்ஜ் போட்டு வைத்துவிடு, அதுவே தானாக இறங்கிக்கொள்ளும் என்பது முதல் கட்சி. நாமே பாதிக்குக் கொண்டுவந்து எடுத்து வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஃப்ரிட்ஜில் வை என்பது மூன்றாவது. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் இரண்டாவது கட்சி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக்கணக்கில் முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. ட்ரோனுக்குள் மாட்டியபடி வைக்கக் கூடாது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. இதிலெல்லாம் யாருக்கும் தகராறு இல்லை.

தானாக இறங்கும் வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்போதைய பேட்டரிகளுக்குள் ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கிறது. டிஜேஐ கம்பெனியின் ஏர் 2எஸ் ட்ரோனோடு வரும் கையேட்டின்படி, சும்மா கிடந்தால் ஒரு நாளில் சுமார் 96 சதவீதத்துக்கும், ஐந்து நாளில் சுமார் 60 சதவீதத்துக்கும் பேட்டரி தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும். பழைய மாடல்கள் சிலவற்றில் இந்த வேலை பத்து நாள் கழித்துத்தான் ஆரம்பித்தது. சீசன் நடுவில் ஒரு கல்யாணம் தள்ளிப்போய் ஒரு வாரம் இடைவெளி விழுந்தால், நானும் இதை நம்பித்தான் விட்டுவிடுகிறேன்.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் நம்புவதில்லை. காரணம், இறங்குகிற மின்சாரம் எங்கேயும் போவதில்லை. பேட்டரிக்குள்ளேயே சூடாக மாறித்தான் தீர்கிறது. அந்த நாட்களில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அது இயல்புதான் என்று கையேடே சொல்கிறது. காற்றாடும் மேசையில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மூன்று பேட்டரியையும் ஸ்பாஞ்ச் வைத்த பைக்குள் நெருக்கி அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடி, பையைப் பரண் மேல் ஏற்றிவிடுகிறோம். முழு சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேருவது அங்கேதான்.

இன்னொன்று, இந்த சர்க்யூட்டுக்கு இறக்கத்தான் தெரியும், ஏற்றத் தெரியாது. 14 சதவீதத்தில் வந்த பேட்டரியை அது காப்பாற்றாது. தானும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் இனி தாங்காது என்று உறக்கத்துக்குப் போய்விடும். அந்த உறக்கத்திலிருந்து சார்ஜரில் மாட்டினால் எழும், ரொம்ப நாள் ஆகாமல் இருந்தால்.

எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது 2020-ல். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது கையில் இருந்தது பழைய ட்ரோன், நான்கு செல் (உள்ளே அடுக்கியிருக்கும் தனித்தனி மின்கலம்) பேட்டரி மூன்று. பங்குனிக் கல்யாணம் ஒன்றுக்காக இரண்டை முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். மூன்றாவது, முந்தைய ஷூட்டிங்கில் தீர்ந்தபடியே கிடந்தது. கல்யாணம் நின்றது. பையைப் பரணில் போட்டேன். மறுபடி இறக்கியது ஆவணியில்.

தீர்ந்து கிடந்த பேட்டரி எழவே இல்லை. சார்ஜரில் மாட்டினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. செல்லின் வோல்டேஜ் ரொம்பக் கீழே போய்விட்டால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் சர்க்யூட் வாசலை அடைத்துவிடுகிறது. வேறு சார்ஜரை வைத்து வலுக்கட்டாயமாக எழுப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன், இப்போதும் அதுதான் என் பதில்.

முழுசாக இருந்த இரண்டும் எழுந்தன. சார்ஜும் பாதிக்கு மேல் காட்டின. ஆனால் ஒன்றை ட்ரோனில் வைத்தபோது வழக்கமான 'க்ளிக்' சத்தம் வரவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. சமையலறை கிரானைட் மேடையில் படுக்க வைத்துச் சுண்டினேன். தட்டையான பேட்டரி அப்படியே நிற்கும். இது பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வயிறு உப்பியிருந்தது. உப்பிய பேட்டரி பூட்டில் சரியாக உட்காராது. பந்தல் மேல், ஐம்பது அறுபது பேர் தலைக்கு மேல் பறக்கும்போது அது நழுவினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டையும் அன்றே ஒதுக்கிவிட்டேன்.

இத்தனைக்கும் தானாக இறங்கும் வசதி அந்தப் பேட்டரியிலும் இருந்தது. இறங்கவும் செய்திருக்கிறது. பிறகு ஏன் உப்பியது? இதை யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் சார்ஜ் அளவைவிடப் பரண்தான் பெரிய குற்றவாளி என்று புரிந்தது.

லித்தியம் பேட்டரிகளைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்ற கணக்கு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. சூடு 40 டிகிரியானால், அதே 40 சதவீத சார்ஜில் வைத்தாலும் 85தான். முழு சார்ஜில் 65. ட்ரோன் பேட்டரிக்கென்றே எடுத்த அளவுகள் இல்லை இவை, அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போக்கைப் பாருங்கள். சார்ஜை மட்டும் சரிசெய்து சூட்டை விட்டுவிட்டால், போட்ட பாடு பாதி வீண்.

இந்தக் கணக்கில் 25 டிகிரி என்பது சாதாரண அறை வெப்பம். நம் ஊரில் சித்திரை வைகாசியில் எந்த அறையில் 25 டிகிரி இருக்கிறது? ஏசி ஓடும் அறையில், அதுவும் ஓடும் நேரத்தில் மட்டும். வீட்டுக்குள் இருப்பதில் எது குறைவு என்று பார்ப்பதுதான் நம்மால் முடிந்தது. ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு மே மாதம் முழுக்க இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அறையில், பரணில் மதியம் மூன்று மணிக்கு 41. அதே அறையில் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் 39. இரவு பத்து மணிக்குக்கூட 36-க்குக் கீழே இறங்கவில்லை, சுவர் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்ந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், தரையை ஒட்டிய அலமாரித் தட்டில் 32. ஒரே வீடு, ஒரே மதியம், ஒன்பது டிகிரி வித்தியாசம். காசு செலவில்லாமல் கிடைக்கிற பாதுகாப்பு இது. எங்கள் வீட்டில் அந்தத் தட்டில் அம்மா வைத்திருந்த பழைய எவர்சில்வர் குடங்கள் பரணுக்கு ஏறின. பேட்டரிகள் கீழே இறங்கின.

பையில் வைப்பதையும் விட்டுவிட்டேன். அகலமான மண் சட்டி ஒன்றில் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் பேட்டரிகளை ஒன்றையொன்று தொடாமல் வைக்கிறேன். மேலே ஒரு மண் மூடி, லேசாக. தீப்பிடித்தாலும் சட்டியோடு நிற்கும் என்பது எண்ணம். எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். உள்ளே புகை கிளம்பினால் வெளியேற வழி இல்லாத டப்பா வெடிக்கும்.

சரி, பாதிக்குக் கொண்டுவருவது எப்படி? பொதுவாகச் சொல்வது 40-லிருந்து 60 சதவீதத்துக்குள். நான் குறி வைப்பது 50-க்குக் கொஞ்சம் மேலே. முழுசாக இருப்பதை மொட்டை மாடியில் பறக்கவிட்டு இறக்கிவிடலாம். பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். குறைவாக இருப்பதை ஏற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்று பேட்டரி மாட்டும் சார்ஜிங் ஹப்பில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனால், அது ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் முழுசாக ஏற்றிவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பேட்டரிதான் மாட்டுவேன். பேட்டரி மேல் இருக்கும் விளக்கு வரிசையில் முதல் இரண்டோடு மூன்றாவதும் சேர்ந்து மினுக்க ஆரம்பித்தால் 50 தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே உருவிவிடுவேன். அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டால் மறக்காது. அப்புறம் பேட்டரி மேல் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி, தேதியும் சதவீதமும் எழுதிவிடுவேன். ரிமோட்டுக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. அதையும் பாதியில் நிறுத்துங்கள். நிறையப் பேர் மறப்பது இதைத்தான்.

ஆடி ஒரு மாதம் என்றால் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். மூன்று மாதத்தைத் தாண்டினால் ஒரு தடவை முழுசாக ஏற்றி, பறக்கவிட்டு இறக்கி, மறுபடி பாதிக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இந்த முறையில் நான் வைத்திருந்தது அதிகபட்சம் நான்கு மாதம். அதுவரை எந்தக் குறையும் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜ் கட்சியின் நியாயம் எனக்குப் புரிகிறது. சூடுதான் எதிரி என்றால் குளிர்ச்சி நண்பன்தானே? தத்துவம் சரி. ஒரு பேட்டரியை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, காய்கறித் தட்டில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் இருந்ததற்கும் அதற்கும் பறக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் தெரியாததாலேயே இரண்டு வருஷத்திலும் தெரியாது என்று ஆகாது. ஆனால் எடுக்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில், குளிர்ந்த பேட்டரியைப் பையிலிருந்து உடனே உருவினால் அதன் மேலும் முனைகளிலும் நீர் கோத்துக்கொள்ளும். பையைப் பிரிக்காமல் அரை நாள் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். வீட்டில் கதவு ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கப்படும் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் லித்தியம் பேட்டரியை வைப்பதும் எனக்கு நிம்மதியாக இல்லை. ஃப்ரீசர் என்ற பேச்சே வேண்டாம்.

மண்டபத்துக்குள் புகுந்து வருகிற ஷாட்டுகளுக்காகச் சின்ன எஃப்பிவி ட்ரோன் (கண்ணில் திரை மாட்டி, ட்ரோன் பார்ப்பதைப் பார்த்தே ஓட்டுவது) வைத்திருப்பவர்களுக்கு இந்த விவாதமே கிடையாது. அதில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளில் சர்க்யூட் எதுவும் இல்லை, தானாக இறங்காது. அன்றிரவே சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். நான்கு செல் என்றால் 15.2. சர்க்யூட் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. குடிக்க ஆள் இல்லாததால் மாதக்கணக்கில் வோல்டேஜ் அசையாமல் நிற்கும். ஆடிக்கு முன் 15.3-ல் வைத்த என் பேட்டரி ஒன்று, ஐப்பசியில் எடுத்தபோதும் 15.2-க்கு மேலேயே இருந்தது. ட்ரோனின் வயரிலிருந்து கழற்றி வைக்க மறந்தால் மட்டும் மொத்தமும் போய்விடும்.

இவ்வளவு பாடு எதற்கு, கெட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு பழைய மாடல்களுக்குப் புது பேட்டரி முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைப்பதில் பாதி, பயன்படுத்தியது. விற்பவர் ஆப்பைத் திறந்து சார்ஜ் சுழற்சி, அதாவது ஏற்றி இறக்கிய தடவை, 18தான் என்று காட்டுவார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பதினெட்டுக்கு நடுவில் அது எத்தனை கோடையை எந்தப் பரணில், எத்தனை சதவீதத்தில் கழித்தது என்பதை எந்த ஆப்பும் காட்டாது. நான் இப்போது பழைய பேட்டரி வாங்கப் போனால் சுழற்சியைக் கேட்பதற்கு முன் கேட்பது, "அண்ணே, எங்க வெச்சிருந்தீங்க?" என்றுதான். பிறகு தட்டையான தரையில் வைத்துச் சுண்டிப் பார்ப்பேன்.

ஆவணி முதல் ஆர்டருக்கு இரண்டு நாள் முன்பு சட்டியை வெளியே எடுப்பேன். டேப்பில் எழுதியதையும் விளக்கில் தெரிவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு பேட்டரி மட்டும் மற்றதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் அதன்மேல் சந்தேகம். முழுசாக ஏற்றியதும், ஆள் இல்லாத இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ட்ரோனை நிறுத்தி, ஆப்பில் செல் வோல்டேஜ்களைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷம் விடுவேன். செல்களுக்குள் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கு மேல் போய், இறங்கும் வரை அப்படியே நின்றால், அந்தப் பேட்டரி கல்யாணத்துக்கு வராது. வயல்வெளியில் தாழ்வாகப் பறந்து பழகுகிற என் தம்பியிடம் போய்விடும். உப்பல் தெரிந்தால் அவனுக்கும் கிடையாது. மின்கழிவு எடுப்பவர் வரும்வரை வாசலில், மணலுக்குள்.