349 ரூபாய் சவரப் பெட்டி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவின் இடது தாடையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. நெல்மணி நீளம்தான் இருக்கும். ஆனால் அது விழுந்த காலையில், கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கிய இரத்தத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை. அப்பாவுக்கு வயது 74. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நமக்கு ஒரு கீறலோடு போவது, அவரை மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும். அந்த ரேசரையும் பிளேடையும் வாங்கிக்கொடுத்தவன் நான். இனி ஒருவர் வீட்டிலும் இது நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா ஐம்பது ஆண்டுகளாக இருபக்க பிளேடுதான் பயன்படுத்துகிறார். மக்கில் வெந்நீர், அதில் ஊறும் பிரஷ், கன்னத்தில் வட்ட வட்டமாக நுரை, முடித்ததும் ஈரத்தோடு படிகாரக் கல். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசர்களை நானே இரண்டு முறை வாங்கிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் வளர்ந்த நரைமுடி அதில் அடைத்துக்கொள்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வது சரிதான். ஒற்றைப் பிளேடு என்றால் தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும்.

அவருடைய பழைய ரேசரின் கைப்பிடித் திருகு தேய்ந்து, எவ்வளவு இறுக்கினாலும் தலை ஆடத் தொடங்கியது. புதிது வேண்டும் என்றார். அந்த வார மளிகை வாங்கத் திருச்சி புறநகரில் இருக்கும் ஒரு பெரிய தள்ளுபடி விலைக் கடைக்குப் போயிருந்தேன். சோப்பு, ஷாம்பு வரிசையின் கடைசியில் ஒரு அடுக்கு முழுவதும் சவரப் பொருட்கள். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கறுப்புப் பெட்டிக்குள் ஒரு ரேசர், ஒரு பிரஷ், ஐந்து பிளேடு கொண்ட பொட்டலம், ஒரு கிரீம் டியூப், சிறு படிகாரக் கட்டி. அதிகபட்ச விலை 999 ரூபாய், கடை விலை 349. அப்பா கேட்ட அத்தனையும் ஒரே பெட்டியில் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கூடையில் போட்டேன்.

முதல் இரண்டு நாள் அப்பா எதுவும் சொல்லவில்லை. மகன் வாங்கிக்கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாள் கன்னம் முழுவதும் சிவந்து திட்டுத் திட்டாக இருந்தது. "பிளேடு இழுக்கிறதப்பா" என்றார். புது பிளேடு மாற்றிப் பாருங்கள் என்றேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள்தான் அந்த வெட்டு.

மருத்துவர் கட்டுப் போட்டு, ஊசி போட்டு அனுப்பிய பிறகு, மாலையில் அந்தப் பெட்டியை எங்கள் தெரு சலூன் அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். முப்பது ஆண்டுகளாக அதே நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர். அவர் முதலில் ரேசரைத் தொடவில்லை, பிரிக்காத பிளேடு ஒன்றை எடுத்தார். சலூன்களில் இருபக்க பிளேடைத் தாளோடு சேர்த்து நீளவாக்கில் மடக்கி, இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். நல்ல பிளேடு 'டக்' என்று ஒரே கோட்டில் உடையும். இதை அவர் மடக்கினார், சத்தமே வரவில்லை. தாளைப் பிரித்துக் காட்டினார். பிளேடு தகரம் போல வளைந்து நின்றது. "எஃகுக்கு ஒழுங்காகப் பதம் ஏற்றவில்லை தம்பி. இப்படிப்பட்டதில் கூர் நிற்காது. முதல் இழுப்பிலேயே மழுங்கிவிடும், பிறகு தோலைத்தான் பிய்க்கும்" என்றார்.

அதன் பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து அதே பெயர் போட்ட அசல் பிளேடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பல ஆண்டுகளாக நம் ஊரில் விற்கும் பெயர்தான், நானும் சிறு வயதிலிருந்து பார்த்த பெயர். அசலில் எழுத்துகள் உலோகத்தில் கூர்மையாகப் பதிந்திருந்தன. என் பெட்டியில் வந்ததில் எழுத்து மங்கலாக இருந்தது, ஈரக் கட்டைவிரலால் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் கையோடு வந்தது. அசல் பிளேடு மெழுகுத் தாளுக்குள் அசையாமல் ஒட்டியிருந்தது. இதுவோ சாதாரணத் தாளுக்குள் லொடலொடவென்று நகர்ந்தது. அப்படி நகரும் பிளேடு, பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள்ளேயே விளிம்பு கெட்டுப்போகும். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு விளிம்பில் நடுவில் ரம்பப் பல் போல மூன்று இடத்தில் பிசிறு. அந்தப் பிசிறு அப்பாவின் தாடையில் ஓடியிருக்கிறது என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

பொட்டலத்தில் இருந்த தொகுதி எண்ணை அந்த பிளேடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லிக் கேட்டேன். அப்படியொரு தொகுதியைத் தாங்கள் தயாரிக்கவே இல்லை என்று பதில் வந்தது.

அடுத்தது ரேசர். இந்தக் கருவியின் அமைப்பு மிக எளிது. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் அடிப்படை. மேலே ஒரு மூடி, கீழே ஒரு தட்டு, நடுவில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு. திருகை இறுக்கும்போது மூடி பிளேடை லேசாக வளைத்துப் பிடிக்கிறது, தட்டின் விளிம்பு தோலைத் தாங்கிக்கொள்கிறது. பிளேடு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். இந்த ரேசரில் ஒரு பக்கம் பிளேடு மூடிக்குள்ளேயே பதுங்கியிருந்தது, மறுபக்கம் துருத்திக்கொண்டு நின்றது. பதுங்கிய பக்கம் வெட்டாது. வெட்டவில்லையே என்று திருப்பிப் போட்டு, அதே அழுத்தத்தோடு இழுத்தால் துருத்திய பக்கம் சதையில் இறங்கும். அப்பாவுக்கு நடந்தது இதுதான். எந்த ரேசர் வாங்கினாலும் பிளேடு மாட்டியதும் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றி மூன்று முறை மாட்டினாலும் கோணலாகவே நின்றால் அதை முகத்தில் வைக்காதீர்கள்.

பெட்டியின் மேல் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருந்தது. இரண்டு வாரம் குளியலறை மாடத்தில் கிடந்ததில் கைப்பிடியின் பளபளப்பு உரிந்து, உள்ளே கருஞ்சாம்பல் நிற உலோகமும் அதன் மேல் வெள்ளைப் பூசணம் போன்ற பொடியும் தெரிந்தன. துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே குரோமியம் பூசியிருக்கிறார்கள். துத்தநாகக் கலவை ரேசர் என்பதே தவறில்லை, நல்ல நிறுவனங்களும் அதில் செய்கின்றன, பூச்சு தரமாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். எஃகு என்று எழுதி இதை விற்பதுதான் ஏமாற்று. காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது, நல்ல ரகத் துருப்பிடிக்காத எஃகு பலவற்றிலும் ஒட்டாது.

பிரஷ்ஷில் 'பேட்ஜர் முடி' என்று பொன்னெழுத்து. பேட்ஜர் என்னும் விலங்கின் முடியில் செய்த பிரஷ் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், விலையும் அதிகம். இதிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி மெழுகுவத்தியில் காட்டினேன். இயற்கையான முடி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் அடித்துச் சாம்பலாக நொறுங்கும். இது சுருண்டு உருகி, நுனியில் கடுகுபோல் ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது. நைலான். நடுவில் கறுப்புப் பட்டைச் சாயம் பூசியிருந்தார்கள், அந்தச் சாயம் வெந்நீரில் கரைந்து அப்பாவின் முகத்தில் நுரையோடு போயிருக்கிறது. பேட்ஜர் என்று பொய் சொல்லி வேறு முடியை விற்பது பழைய கதைதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி கிடைக்காமல் போனபோது, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரைமுடியைச் சாயமேற்றி விற்றார்கள். அந்தப் பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி உயிர்கள் போயின. ஜப்பானிலிருந்து வரும் சவர பிரஷ்களை பிரிட்டன் 1920-இல் தடை செய்தது. இன்றைய நைலானில் அந்த ஆபத்து இல்லை. நல்ல செயற்கை இழை பிரஷ் எனக்கே பிடிக்கும். அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கிரீம் டியூபைத் திறந்ததும் முதலில் எண்ணெய் வந்தது, பிறகு கட்டி வந்தது. டியூபின் மடிப்பு ஓரத்தில் அச்சிட்டிருந்த நாளைப் பார்த்தால், காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பெட்டி மூடியிருக்கும்போது அந்த ஓரம் அட்டைக்குள் மறைந்துவிடும்.

படிகாரம் மட்டும் நன்றாக இருந்தது.

இனி விலைக்கு வருகிறேன். 999 என்ற எண் ஒரு ஒட்டுத்தாளில் இருந்தது. அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கவே நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் அட்டையிலேயே அச்சிட்ட விலை: 449 ரூபாய். அதாவது எனக்கு 650 ரூபாய் மிச்சம் என்று பில்லில் போட்டுக்கொடுத்தது முழுப் பொய். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பொருட்களுக்கு அந்த விலையைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் எழுதி, பிறகு அதைக் குறுக்கே வெட்டிக் காட்டலாம். தள்ளுபடி சதவீதத்தைப் பார்த்து இனி நான் எதையும் வாங்கப் போவதில்லை. ஒட்டுத்தாள் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, விலையைக் குறைப்பதற்காக மட்டும் ஒட்டுத்தாள் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. கூட்டி ஒட்டுவதற்கு இடமே இல்லை. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு விவரமும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. என் பெட்டியில் 'சந்தைப்படுத்துபவர்' என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது, கதவு எண்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் கடைக்குப் போனேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். பயன்படுத்தாமல் பிளேடு போலி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மேலாளர் பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' கட்டுப் போட்ட தாடையோடு அப்பாவின் புகைப்படத்தைக் காட்டியபோது, பெரியவருக்குக் கை நடுங்கியிருக்கும் என்றார் அவர். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒரு நாள்கூடத் தாடையை வெட்டிக்கொள்ளாத கை அது.

பில்லில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் நாள் கணக்கு எதுவும் குறிப்பிடாவிட்டால் உங்களுக்கு முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். மூன்று வாரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், மறுத்தேன். 349 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. மருத்துவச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. அப்பா வேண்டாம் என்கிறார், நான் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். விலை ஒட்டுத்தாள் பற்றித் தனியாகத் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது அவர்கள்தான். பெட்டி, ஒட்டுத்தாள், பில் மூன்றையும் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. நீங்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தள்ளுபடிக் கடை என்றாலே எல்லாமே போலி என்று நான் சொல்லவில்லை. தெரிந்த நிறுவனத்தின் கிரீம், சோப்பு இவற்றைத் தனித்தனியாக, தேதி பார்த்து வாங்கினால் அங்கே உண்மையாகவே நாலு காசு குறைவு. என் பயமெல்லாம் இந்தச் சேர்த்துக் கட்டிய பெட்டிகளின் மேல்தான். குறிப்பாக பிளேடை, எங்கிருந்து எப்படிக் கைமாறி வந்தது என்று தெரியாத சரக்காக வாங்காதீர்கள். சலூன் அண்ணன் சொன்னபடி, சலூன்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ரேசரும் பிளேடும் வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலே பெட்டியைத் திறந்து, பிளேடு ஒன்றை மாட்டி, விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் காட்டிவிட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். தனித்தனியாக வாங்கியும் மொத்தம் 349-ஐத் தாண்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோதும் அந்தக் கறுப்புப் பெட்டிகள் அதே அடுக்கில் இருந்தன. ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த பிளேடுகளை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். குப்பையில் அப்படியே வீசவும் வேண்டாம், மறுநாள் காலை அதைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். அப்பா ஒரு பழைய பால்மாவு டின்னின் மூடியில் கீற்றுப் போட்டு, பழைய பிளேடுகளை அதற்குள் போட்டு வைக்கிறார். மீதமிருந்த மூன்று போலி பிளேடுகளும் புகாருக்காக ஒரு உறையில் இருக்கின்றன. விசாரணை முடிந்ததும் அவையும் அந்த டின்னுக்குள் போகும்.